லாகிரி வியாபாரமும் சர்வகலாசாலைப் படிப்பும்

அபின், கஞ்சா, ஹெராயின், கொக்கெயின் முதலிய லாகிரி வஸ்துக்களின் கள்ள வியாபாரத்தைச் சர்வகலாசாலையில் ஒரு பாடமாக வைக்கவேண்டும் என்று யாரேனும் சொன்னால், நம்மவர்களில் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். பிள்ளைகள் கெட்டுப்போவதற்கு ஊரில் உள்ள வழிகள் போதாவா, அதற்குப் பரீக்ஷையும் பட்டமும் வேறு வேண்டுமா என்று கேட்பார்கள். இந்த ஆக்ஷேபத்தை நாம் இகழ்ந்து தள்ளிவிட விரும்பவில்லை. பெற்ற பிள்ளையை இப்பழக்கத்துக்குப் பறிகொடுத்த வீட்டாருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மத்திய சர்க்கார் டில்லியிலுள்ள அகில இந்திய வைத்திய விஞ்ஞான ஸ்தாபனத்தைக் கொண்டு எடுப்பித்து 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, அபின் இனத்தைச் சேர்ந்த வஸ்துக்களை உபயோகிப்போர் நமது தேசத்தில் சுமார் 2 கோடியே 26 லக்ஷம் பேர்.

இவ்வளவு பெரிய விஷயத்தைப் பற்றி மாணாக்கர்களுக்கு ஒழுங்காகக் கற்பிக்கப்படுவது என்ன? சட்டக் கல்லூரியில் 1985-ம் வருஷத்துச் சட்டத்தின் பிரிவுகளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வைத்தியக் கல்லூரியில் நோயின் குறிகளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சரக்கு எங்கே விளைகிறது, பயிரிடுகிறவனுக்குக் கிடைப்பது எவ்வளவு, நடுவில் யார் யார் கைக்கு மாறுகிறது, பணம் எந்தப் பாங்கியில் போய்ச் சேருகிறது, எந்தச் சர்க்கார் எந்தச் சமயத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது என்பனவற்றையெல்லாம் ஒரே இடத்தில் வைத்து ஆராயும் மேல்வகுப்பை நம் நாட்டில் காண்பது அரிது. அமெரிக்காவில் இத்துறை வேரூன்றி வெகுகாலமாயிற்று. விஸ்கான்ஸின் சர்வகலாசாலையின் ஆல்பிரட் மக்காய், ஸ்டோனி புரூக்கின் பால் கூட்டன்பர்க், பிரவுன் சர்வகலாசாலையின் பீட்டர் ஆண்ட்ரியாஸ் ஆகியோர் சரித்திரத்தையும் ராஜீய சாஸ்திரத்தையும் கொண்டு இவ்வியாபாரத்தை ஆராய்ந்து பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார்கள்.

அவர்கள் பாடத்திட்டத்தை அப்படியே இறக்குமதி செய்து விட்டால் போதும் என்று நமது கல்விமான்கள் நினைத்து விடுவார்களோ என்பதுதான் நமது கவலை. இத்தகைய வகுப்பு வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதுதான் கேள்வி. கொலம்பியாவின் கொள்ளைக் கூட்டத் தலைவர்களிலிருந்து ஆரம்பித்தால், எங்கோ தூர தேசத்தில் மீசை வைத்த சில பொல்லாத மனிதர்கள் நடத்தும் தொழில் இது என்ற எண்ணமே மாணாக்கன் மனத்தில் பதியும். சினிமாப் படங்களும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கின்றன. பாரத தேசத்தில் இவ்வகுப்பை நடத்துகிற ஆசிரியர், முதல் நாள் கரும்பலகையில் எழுதவேண்டிய ஊரின் பெயர் பாட்னா.

பாட்னாவும் கல்கத்தாவும்

கள்ளக் கடத்தலின் முழு இலக்கணமும் அங்கே இருக்கிறது. 1773-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து அபினைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். பிற்காலத்தில் பீஹாரிலும் காசிப் பிரதேசத்திலும் அனுமதிச் சீட்டுப் பெற்ற குடியானவன் மட்டுமே கசகசாச் செடி பயிரிடலாம். கீறி எடுத்த பால் முழுவதையும் சர்க்காருக்கே கொடுக்க வேண்டும். விலையையும் சர்க்காரே நிர்ணயிக்கும். முன்பணம் கொடுப்பார்கள். வாங்கின குடியானவனால் அதைத் திருப்பிக் கொடுத்து விட்டு வேறு பயிருக்குப் போவது எளிதல்ல. பத்து லக்ஷத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்பயிரில் ஈடுபட்டிருந்தன என்றும், சாகுபடிச் செலவைக் கணக்குப் பார்த்தால் அவர்களுக்கு நஷ்டமே மிஞ்சியது என்றும் ரோல்ப் பௌவர் என்ற சரித்திராசிரியர் 2019-ல் வெளியிட்ட நூலில் காட்டியிருக்கிறார். இன்று ஆப்கானிஸ்தானத்துக் குடியானவன் கடன் கொடுத்தவனுக்கு அபினாகவே கடனைத் தீர்க்கிறான் என்று படிக்கும் மாணாக்கன், நூற்றைம்பது வருஷங்களுக்கு முந்திய காஜிப்பூர்க் குடியானவனை நினைத்துக் கொள்ளட்டும்.

அப்பால் நடந்ததுதான் மிகவும் கவனிக்கத் தக்கது. சீனச் சக்கரவர்த்தியின் அரசாங்கம் 1729-லேயே அபின் விற்பனையைத் தடுத்திருந்தது. கம்பெனியாருக்கோ சீனாவிலிருந்து தேயிலை வேண்டும். தேயிலைக்கு வெள்ளி கொடுத்து மாளவில்லை. தடுக்கப்பட்ட சரக்கைத் தாங்களே தங்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனால் கான்டனில் தேயிலை வியாபாரத்துக்கே ஆபத்து. ஆகவே அவர்கள் கல்கத்தாவில் அபின் பெட்டிகளைப் பகிரங்கமாக ஏலம் போட்டார்கள். ஏலத்தில் எடுத்தவன் தனி வியாபாரி. அதன் பிறகு அது எங்கே போகிறது என்று கம்பெனிக்குத் 'தெரியாது'. அந்த வியாபாரி சீனக் கரையில் சரக்கைக் கள்ளத்தனமாக விற்று, கிடைத்த வெள்ளியைக் கான்டனிலிருந்த கம்பெனியின் கஜானாவிலேயே கட்டி, லண்டனில் மாற்றிக்கொள்ளும் உண்டியலை வாங்கிக்கொள்வான். அந்த வெள்ளியைக் கொண்டு கம்பெனி தேயிலை வாங்கும். லண்டனில் அந்தத் தேயிலைக்குப் பார்லிமெண்டு வரி வாங்கும். கையில் கறை படாமல் பணத்தை வெளுக்கும் வித்தைக்கு இன்று எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. இதைவிடச் சுத்தமான உதாரணம் எந்தப் பாடப் புஸ்தகத்திலாவது உண்டா என்று நமக்குத் தெரியவில்லை.

1800-ஐ ஒட்டிச் சுமார் 4,000 பெட்டிகளாக இருந்த ஏற்றுமதி, 1839-ல் சுமார் 40,000 பெட்டிகளாகி விட்டது. அவ்வருஷம் லின் ட்ஸே ஷூ என்ற சீன அதிகாரி 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்து, கடற்கரையில் குழிகள் வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் கலந்து அழித்தார். பிரிட்டன் யுத்தம் தொடுத்தது. 1842-ம் வருஷத்து நான்கிங் உடன்படிக்கையின்படி சீனா கொடுத்த 2 கோடியே 10 லக்ஷம் வெள்ளி டாலரில் 60 லக்ஷம் டாலர் அழிக்கப்பட்ட அபினுக்கு நஷ்ட ஈடு. ஹாங்காங் தீவும் அதே உடன்படிக்கையில்தான் போயிற்று. இரண்டாவது யுத்தத்தின் நடுவே, 1858-ல், அபின் இறக்குமதி வரியோடு சட்டபூர்வமாக்கப்பட்டது. நேற்றுவரையில் கள்ளச் சரக்காக இருந்தது அன்றைக்குச் சுங்கச் சரக்காயிற்று. செடியும் அதுவே, பாலும் அதுவே, மாறியது பீரங்கியின் பலத்தால் மாற்றப்பட்ட ஒரு தாள்.

நமது ராஜதானிக்கும் இதில் பங்குண்டு. அந்த யுத்தத்துக்குச் சென்னைப் பட்டாளங்கள் கொண்டுபோகப்பட்டன. 1841 மே மாதக் கடைசியில் கான்டனுக்கு அருகே ஸான்யுவான்லி என்ற இடத்தில் இடியும் மழையும் கொட்டிக்கொண்டிருக்கையில், 37-வது சென்னைக் காலாட்படையின் ஒரு பகுதி தனியே சிக்கிக்கொண்டது. துப்பாக்கி மருந்து நனைந்து போய்விட்டது. சுற்றிலும் ஆயிரக் கணக்கில் கிராம வாசிகள் ஈட்டியும் கோலும் கொண்டு சூழ்ந்து நின்றார்கள். சிப்பாய்கள் துப்பாக்கி முனையிற் செருகிய கத்தியைக் கொண்டே சமாளித்தார்கள். சீன தேசத்தின் பள்ளிக்கூடங்களில் இச்சம்பவம் அந்நிய ஆதிக்கத்தை ஜனங்கள் எதிர்த்த வீர சரித்திரமாகக் கற்பிக்கப்படுகிறது. நம் பக்கத்திலோ அதை அறிந்தவர்கள் சொற்பம். பீஹார்க் குடியானவன் விளைத்த சரக்குக்காக, சென்னைச் சிப்பாய் சீனக் குடியானவனோடு பொருதான். மூவருக்கும் அதில் லாபம் இல்லை.

இவ்வளவும் அந்நியன் செய்த அக்கிரமம் என்று கூறிவிட்டுப் பாடத்தை முடித்துக்கொள்ளும் தேசபக்தி நமக்கு உகந்ததல்ல. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல வருஷங்களில் இந்திய சர்க்கார் வருமானத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கு அபினிலிருந்து வந்தது என்பது உண்மை. மாளவத்துச் சமஸ்தானங்களில் விளைந்த அபினைப் பம்பாய் வழியாக அனுப்பிச் செல்வம் திரட்டியவர்கள் நமது வியாபாரிகளே என்பதும் உண்மை. ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஜார்டினோடும் மாதிஸனோடும் கூட்டாக அபின் வியாபாரம் செய்து, ஆஸ்பத்திரிகளும் பள்ளிகளும் கட்டித் தர்மம் செய்தார். நான்கிங் உடன்படிக்கை ஏற்பட்ட அதே 1842-ல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. இதற்கு எதிரே நின்ற இந்தியர்களையும் மாணாக்கன் படிக்க வேண்டும். 1881-ல் இருபது வயது இளைஞராயிருந்த ரவீந்திரநாத் தாகூர், சீனாவில் நடந்த இந்த மரண வியாபாரத்தைக் கண்டித்து வங்காளியில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவிலிருந்து உறிஞ்சப்படும் செல்வத்துக்கு ஈடு செய்வதற்காகவே சீனாவுக்கு விஷம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று தாதாபாய் நௌரோஜி கணக்கோடு வாதித்தார். 1924-25-ல் அஸ்ஸாமில் காங்கிரஸ் நடத்திய அபின் விசாரணைக்கு ஸி. எப். ஆண்ட்ரூஸ் துணை நின்றார். கிராமம் கிராமமாகச் சென்று சாக்ஷியம் சேகரித்தார்கள். சீனாவுக்கு அபின் விற்பது 1913-ல் நின்றது. மற்றக் கிழக்கு நாடுகளுக்கு மருந்தல்லாத உபயோகத்துக்கு அனுப்புவது 1935-ல்தான் அடியோடு நின்றது.

காஜிப்பூரில் 1820-ல் ஏற்பட்ட அபின் ஆலை சுதந்திர இந்தியாவிலும் நடக்கிறது. மருந்துக்காக மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் அனுமதிச் சீட்டின்பேரில் இன்றும் பயிரிடுகிறார்கள். குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாகச் செலுத்தினால் சீட்டுப் போய்விடும். சர்க்கார் விலைக்கும் கள்ள விலைக்கும் உள்ள தூரம் மண்ட்ஸோரிலும் நீமச்சிலும் உள்ள ஒவ்வொரு குடியானவனுக்கும் தெரியும். புற்றுநோயாளியின் வலி தீர இப்பயிர் வேண்டும். அதை ஒழித்துவிட முடியாது. ஆகவே ஒரே வயலில் நியாய வியாபாரமும் கள்ள வியாபாரமும் பக்கத்துப் பக்கத்து வரிசையாக நிற்பதை நேரில் காட்டக்கூடிய வாய்ப்பு அமெரிக்க ஆசிரியருக்குக் கிடையாது. நமது ஆசிரியருக்கு உண்டு.

இருபத்தோராயிரம் கோடியின் கதை

சரித்திரத்துக்கு அடுத்தபடி மாணாக்கனுக்கு வேண்டியது கணக்கு. 2021 செப்டம்பர் மாதத்தில் குஜராத்திலுள்ள முந்த்ரா துறைமுகத்தில், ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக வந்த இரண்டு கண்டெய்னர்களில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. டால்க் கல் என்று எழுதி, விஜயவாடா விலாசத்துக்கு வந்த சரக்கு. மறுநாள் பத்திரிகைகளிலெல்லாம் ரூபாய் 21,000 கோடி என்று கொட்டை எழுத்தில் வந்தது. நமது தொழிலைச் சேர்ந்தவர்களும் இதில் குற்றவாளிகள் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இந்தத் தொகை எப்படி வந்தது என்பதே வகுப்பில் முதற் பயிற்சியாக இருக்கட்டும். கிலோ ஒன்றுக்கு 7 கோடி ரூபாய் என்று வைத்துப் பெருக்கியிருக்கிறார்கள். அன்றைய மாற்று விகிதத்தில் அது 95,000 டாலருக்குச் சற்று மேல். இவ்விலை முந்த்ராவின் விலையன்று. பல கை மாறி, கலப்படமாகி, பொட்டலம் பொட்டலமாகத் தூர தேசத்துத் தெருவில் விற்று முடிந்த பிறகு நினைத்துக்கொள்ளக்கூடிய விலை. ஒரு கிலோ ஹெராயினுக்கு ஏழிலிருந்து பத்துக் கிலோ வரையில் அபின் வேண்டும். ஆப்கானிஸ்தானத்தில் அபின் கிலோ நூறு டாலருக்குக் குறைந்து விற்ற வருஷங்கள் பல. ஆகவே, குடியானவன் கைக்கு வந்தது ஆயிரம் டாலருக்குள். மீதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேலாக வயலுக்கு அப்பால் ஏறியது. எதற்காக ஏறியது? கப்பல் கூலிக்காக அல்ல. கோதுமைக்கும் அதே கப்பல் கூலிதான். பிடிபட்டால் சிறை என்ற பயத்துக்கும், கண்ணை மூடிக்கொள்கிறவனுக்குக் கொடுக்கும் லஞ்சத்துக்கும் கொடுக்கிற விலை அது. தடையே அந்த விலையை உண்டாக்குகிறது.

இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த மாணாக்கனுக்குப் பல விஷயங்கள் தாமாகவே விளங்கும். துறைமுகத்தில் பிடிபட்டதனால் சொந்தக்காரனுக்கு வந்த நஷ்டம் 21,000 கோடி அல்ல. அவன் கொள்முதல் விலையும் வழிச் செலவுமே. அது மிகச் சிறு பங்கு. பத்தில் ஒரு கப்பல் போனாலும் மற்ற ஒன்பதில் அது தீர்ந்துவிடும். வயலில் பயிரை அழித்தாலும் தெருவில் விலை அதிகம் ஏறாது. ஏனெனில் தெரு விலையில் வயலின் பங்கு அவ்வளவு அற்பம். இதைத் தெரிந்துகொண்ட ஒரு சுங்க அதிகாரி, எத்தனை கிலோ பிடித்தோம் என்பதை மட்டும் வைத்துத் தன் இலாகாவின் வெற்றியை அளக்க மாட்டான் என்று நாம் நம்புகிறோம்.

பயிர் அழிப்பைப் பற்றிச் சொன்னோம். துருக்கி அபினை நிறுத்தியபோது மெக்ஸிகோ முளைத்தது. பெருவில் கோக்கா இலை குறைந்தபோது கொலம்பியாவில் பெருகியது. இவை பழைய கதைகள். ஆப்கானிஸ்தானம் நம் கண்முன் நடப்பது. 2000-ம் வருஷம் ஜூலையில் தாலிபான் அபின் பயிரைத் தடுத்தது. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் கணக்கில் அவ்வருஷம் சுமார் 3,300 டன்னாயிருந்த விளைவு 2001-ல் 185 டன்னுக்கு இறங்கியது. அந்த ஆட்சி போனவுடன் பயிர் திரும்பியது. 2022 ஏப்ரலில் மறுபடியும் தடை. 2,33,000 ஹெக்டேராயிருந்த சாகுபடி 2023-ல் 10,800 ஹெக்டேராயிற்று; நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குறைந்துவிட்டது. தடைகள் பலிக்கா என்று சொல்லும் மேதாவிகள் இதைக் கண்டு சற்று நிதானிக்க வேண்டும். இரும்புக் கையுள்ள ஆட்சிக்குத் தடை பலிக்கிறது. ஆனால் யார் கொடுத்த விலையால் பலிக்கிறது? அபின் விற்றுக் குடியானவர்கள் பெற்ற வருமானம் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடி டாலருக்கு விழுந்தது. முன்பே சரக்கைச் சேமித்து வைத்திருந்தவர்களோ விலையேற்றத்தால் கொழுத்தார்கள். 2023-ல் உலகத்திலேயே அதிகமாக அபின் விளைந்த தேசம் பர்மா. சுமார் 1,080 டன். அது நமது மணிப்பூருக்கு அடுத்த வீடு.

கோடு கிழிப்பவர் யார்?

சட்ட வியாபாரம், கள்ள வியாபாரம் என்ற கோடு செடியில் இல்லை. அதை ராஜாங்கங்கள் கிழிக்கின்றன. இக்கருத்தை மாணாக்கன் வெறும் தத்துவமாகக் கொள்ளாமல் நடந்தவற்றைக் கொண்டு அறிய வேண்டும். ஹெராயினை 1898 முதல் மருந்துக் கடையில் விற்றது ஜெர்மனியின் பேயர் கம்பெனி. 1893-94-ல் இந்திய சர்க்கார் நியமித்த கஞ்சாக் கமிஷன் 1,193 சாக்ஷிகளை விசாரித்து, மிதமான உபயோகத்தால் பெருந்தீங்கில்லை, அடியோடு தடுப்பது தேவையில்லை என்று எழுதியது. 1961-ல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தத்தில் இருபத்தைந்து வருஷ அவகாசத்தோடு கஞ்சாவைத் தடுக்க இந்தியா சம்மதித்தது. 1985-ம் வருஷத்துச் சட்டம் கஞ்சாப் பூவைக் குற்றமாக்கியது. பூவில்லாத இலையை விட்டுவிட்டது. அதனால்தான் காசியில் பாங்குக் கடை பகிரங்கமாக நடக்கிறது. ஒரே செடியின் பூவுக்குச் சிறை. இலைக்குக் கடைச் சீட்டு.

அமெரிக்காவில் 1996 முதல் பர்ட்யூ கம்பெனி ஆக்ஸிகாண்டின் என்ற வலி மாத்திரையை அடிமைப்படுத்தாது என்ற பிரசாரத்தோடு விற்றது. 2007-ல் ஒருமுறையும் 2020-ல் மறுமுறையும் அக்கம்பெனி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மாத்திரையில் பழகியவர்கள் ஹெராயினுக்கும், பிறகு பென்டனிலுக்கும் போனார்கள். 2021, 2022, 2023 ஆகிய மூன்று வருஷங்களிலும் அங்கே அளவு மீறிய லாகிரியால் வருஷத்துக்கு லக்ஷம் பேருக்கு மேல் மாண்டனர். இதைக் கண்டு, அவர்கள் பாவம் அவர்களைச் சேர்ந்தது என்று நாம் இருந்துவிடலாகாது. இந்தியாவில் செய்த டிராமடால் மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் கள்ளத்தனமாக வெள்ளமாய்ப் பாய்ந்தன. 2018 ஏப்ரலில்தான் நமது சர்க்கார் அதை லாகிரிச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அன்று கல்கத்தா ஏலக் கடையிலிருந்து சீனாவுக்குப் போனது அந்நியன் உத்தரவால். இன்று நைஜீரிய வாலிபன் விழுங்குவது சுதந்திர நாட்டு முத்திரை போட்ட மாத்திரை. இதைச் சொல்லக் கூசுகிற ஆசிரியர் லின் ட்ஸே ஷூவைப் பற்றிப் பேசவும் தகுதியற்றவர்.

மதுவிலக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். வருமான நஷ்டத்தை ஈடு செய்ய 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். லாகிரியில் வரும் பணத்தை ஒரு ராஜாங்கம் விடவேண்டுமானால் வேறு வரி போடத் தைரியம் வேண்டும் என்பதற்கு அது சாக்ஷி. 2003-லிருந்து தமிழ் நாட்டில் சில்லறை மது விற்பனை சர்க்கார் ஸ்தாபனத்தின் ஏகபோகம். கல்கத்தா ஏலத்தைப் பற்றிப் படிக்கிற தமிழ் மாணாக்கன் தெருக்கோடிக் கடையைப் பாராதிருக்க முடியாது, பார்க்கட்டும். நாம் தடையின் பக்கம் நிற்பவர்கள். அதனால் பல குடும்பங்கள் பிழைத்தன என்பது நமது நம்பிக்கை. ஆயினும் நமது நம்பிக்கையை வகுப்பில் முடிவாகப் போதிக்கும்படி நாம் எவரையும் கேட்கமாட்டோம். தடை விலையை ஏற்றுகிறது என்ற கணக்கையும், தடை இல்லாவிடில் விழுங்குகிறவர் தொகை ஏறலாம் என்ற அச்சத்தையும் இரண்டையும் எதிரெதிரே வைத்து மாணாக்கனை உட்கார்த்திவிடுவதே மேல்வகுப்பின் வேலை.

இப்படிப்பு சாதுவான படிப்பும் அல்ல. ஆல்பிரட் மக்காய் யேல் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணாக்கராயிருந்தபோது லாவோஸ் மலைகளுக்குப் போய், அமெரிக்காவின் நேசர்களான மலைவாசிகளின் அபின், அமெரிக்க உளவு ஸ்தாபனத்தைச் சேர்ந்த விமானங்களில் இறங்கிப் போவதை விசாரித்து எழுதினார். 1972-ல் அந்நூல் அச்சாகுமுன் கையெழுத்துப் பிரதியைத் தாங்கள் பார்க்க வேண்டும் என்று உளவு ஸ்தாபனத்தார் பிரசுர கர்த்தர்களை வற்புறுத்தினர். பார்த்து ஆக்ஷேபணைகளையும் அனுப்பினர். ஆக்ஷேபணைகள் நிற்கவில்லை, புஸ்தகம் வெளிவந்தது. நம்மூரில் ஒரு மாணாக்கன் அவ்விதம் எழுதினால் அவனுக்கு யார் துணை? நமது சட்டம் ஆராய்ச்சியாளனுக்கென்று தனிப் பாதுகாப்பு எதையும் தரவில்லை. அவன் குறிப்புப் புஸ்தகத்தைப் போலீஸார் கைப்பற்றலாம். அதில் பெயர் எழுதப்பட்டவன் சிறைக்குப் போகலாம். ஆகையால் கடத்தல்காரனைத் தேடிப் போகும்படி மாணாக்கனை அனுப்புவது பாவம். அவசியமும் இல்லை. ஜில்லாக்களில் லாகிரி வழக்குகளை விசாரிக்கும் தனிக் கோர்ட்டுகள் இருக்கின்றன. தீர்ப்புகள் யாவரும் படிக்கக் கூடியவை. ஐம்பது தீர்ப்புகளை எடுத்துக்கொள்ளட்டும். ஒரிஸ்ஸா மலையிலிருந்து 20 கிலோவுக்கு மேல் கஞ்சா தூக்கி வந்த கூலிக்காரன், லாரி டிரைவர், ராமநாதபுரம் கரையில் இலங்கைக்குப் படகு ஏற்றியவன் என்று குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களை எண்ணட்டும். சரக்குக்கு முதல் போட்டவன் எத்தனை வழக்கில் நின்றான் என்பதையும் எண்ணட்டும். ஜாமீன் கிடைக்காமல் விசாரணைக் கைதியாகக் கழித்த மாதங்களைக் கூட்டட்டும். அதிக அளவுச் சரக்கு வழக்குகளில் குற்றமற்றவன் என்று நம்ப நியாயமிருப்பதாகக் கோர்ட்டு திருப்தியடைந்தாலொழிய ஜாமீன் இல்லை என்று சட்டத்தின் 37-வது பிரிவு கூறுகிறது.

யார் கற்பிப்பது? ஒருவரால் ஆகாது. சரித்திரமும் பொருளாதாரமும் அறிந்த ஒருவர் வகுப்பை நடத்த, சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும், லாகிரிச் சிகிச்சை வார்டின் டாக்டரும், ஒரு வக்கீலும் மாறி மாறி வர வேண்டும். பதினைந்து வாரத்தில் நாலு வாரமாவது பழைய ஆதாரங்களுக்கே கொடுக்க வேண்டும். 1893-95-ம் வருஷத்து ராயல் அபின் கமிஷனின் ஏழு தொகுதிகள் அச்சில் உள்ளன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சென்னை ரெவினியூ போர்டின் நடவடிக்கைகள் தூசி படிந்து கிடக்கின்றன. பரீக்ஷையில் வரையறைகளை ஒப்புவிக்கச் சொல்வதால் பயன் இல்லை. நாம் வினாத்தாள் தயாரிப்பதானால் ஒரே வினாவைத்தான் கொடுப்போம். புஸ்தகம் பார்த்தும் எழுதலாம், மூன்று மணி நேரம்:

'1842-ல் ஹாங்காங் தீவு அபின் யுத்தத்தின் பயனாகப் பிரிட்டனுக்குக் கிடைத்தது. 1865-ல் அத்தீவில் ஹாங்காங் ஷாங்காய் பாங்கி ஏற்பட்டது. மெக்ஸிகோ, கொலம்பியா தேசத்துக் கடத்தல்காரர்களின் பணம் 88 கோடி டாலருக்குக் குறையாமல் அதன் அமெரிக்கக் கிளை வழியாகச் சென்றது என்று 2012-ல் அமெரிக்க சர்க்கார் கூறியது. பாங்கி சுமார் 190 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதன் உத்தியோகஸ்தர் எவரும் அவ்வழக்கில் சிறை செல்லவில்லை. அதே 2012-ல் உங்கள் ஜில்லாக் கோர்ட்டில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்ட ஒருவருடைய தீர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு வழக்குகளிலும் சட்டம் எந்த இடத்தில் எந்தக் காரணத்தால் வேறுபட்டது என்று விளக்கி எழுதுக.'